முதிரைத் தூள்

அக்காவுக்கு ஓமந்தையில் கலியாணம் பேசத் தொடங்குவதற்கு முன், நான் நூல்வாளால் அரிந்து பரிசாகக் கொடுத்த பொருள்கள் மொத்தம் பதினொன்று. கடிதம் செருகி வைக்கும் மயில் இரண்டு. வீட்டுப் பெயர்ப்பலகை மூன்று. படச்சட்டம் நான்கு, அதில் ஒன்று நான் வேலை செய்யும் கந்தோரில் இளைப்பாறிப் போன எழுதுவினைஞருக்கு, ஒன்று அம்மாவுக்கு. பூட்டுத் திறப்புகள் மாட்டும் மரக்கொப்பு ஒன்று. என்னோடு படித்தவளின் பிள்ளைக்கு, துண்டுகளாகப் பிரித்துத் திரும்பப் பொருத்தி விளையாடும் யானை ஒன்று. பன்னிரண்டாவது கொடுபடவில்லை.

ஐம்பதுகளில் ஐயாவுக்குக் கிளிநொச்சிப் பக்கம் குளத்துக்குக் கீழே குடியேற்றக் காணி கிடைத்தது. வயல் மூன்று ஏக்கர், மேட்டுநிலம் ஒன்றரை. யாழ்ப்பாணத்தில் இருந்த வீட்டு வளவைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு அம்மாவையும் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். தங்கச்சியான நான் படித்தேன். கொழும்பில் இரண்டு வருடம் படவரைஞர் பயிற்சி முடித்து, வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய நீர்ப்பாசனக் கந்தோர் ஒன்றில் சேர்ந்தேன். பொறியியலாளர் பென்சிலால் வரைந்த வாய்க்கால், மதகுப் படங்களின் மேல் மெழுகுத்துணியை விரித்து மையால் பிரதி எடுப்பது என் வேலை. கை நடுங்கக்கூடாது, வியர்க்கக்கூடாது, அவசரப்படக்கூடாது. அந்த மூன்றும் எனக்கு இயல்பாகவே வந்தன.

நூல்வாள் என்பது அந்தக் கருவிக்கு எங்கள் வீட்டில் வழங்கும் பெயர். 'ப' எழுத்தைச் சரித்து வைத்ததுபோல ஒரு இரும்புச் சட்டம்; அதன் இரண்டு நுனிக்கும் இடையில் நூல் மாதிரி மெல்லிய அலகு. கொழும்பில் மாதிரி செய்யும் வகுப்பில் அதைப் பழகினேன். வீட்டுக்கு வரும்போது சட்டம் ஒன்றும் அலகு மூன்று டசினும் வாங்கி வந்தேன். வேலை முறையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். படத்தைக் கோதுமைமாப் பசையால் பலகையில் ஒட்டு. வெட்டி எடுக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு துளை போடு. அலகின் ஒரு நுனியைக் கழற்றித் துளைக்குள் விட்டுத் திரும்பப் பூட்டு. பல் கீழ்நோக்கி நிற்க வேண்டும். அலகில் மெழுகுதிரியைத் தேய். வாளைத் திருப்பாதே, பலகையைத் திருப்பு. கோடு மறைந்தால் தூளை ஊது, ஊதிவிட்டு அரி. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அக்காவின் வேலை: அரத்தாள் போடுவது, துணியால் துடைப்பது, வார்னிஷ் பூசுவது.

பரிசு கொடுக்க ஆசைப்பட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன் என்று சொல்ல முடியாது. குடியேற்றத்தில் கலியாணம், வீடுகுடிபுகுதல் என்றால் எல்லாரும் ஒரே கடையில் ஒரே கண்ணாடிக் குவளைகளை வாங்கிக் கொடுத்தார்கள். ஒரே குவளை ஆறு வீடு சுற்றித் திரும்ப எங்கள் வீட்டுக்கு வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தேயிலைப் பெட்டிப் பலகையை வாங்கி முதல் மயிலை அரிந்தேன். அக்கா அதன் விளிம்புகளை அரத்தாளால் தேய்த்துவிட்டு, கண்ணை மூடி விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். எங்கே சொரசொரப்பு இருக்கிறது என்று கண்ணால் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும் என்றார். அது உண்மை.

ஒரு தைப்பொங்கல் கழிந்து ஓமந்தையிலிருந்து அக்காவைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தபால் கந்தோரில் வேலை. தாயும் தகப்பனும் கலியாணத் தரகரும் வந்தார்கள். அக்காவுக்கு அப்போது இருபத்தாறு. அதற்கு முன் நான்கு இடம் பேசிச் சரிவரவில்லை. இரண்டு சாதகத்தால், இரண்டு சீதனத்தால். இந்த இடம் போனால் இனி இரண்டாம்தாரமாகத்தான் கேட்பார்கள் என்று அம்மா வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

பெண்ணின் கைவேலைகளை மேசையில் பரப்பி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா பின்னிய மேசைவிரிப்பு, பூத்தைத்த தலையணை உறை நான்கு, பனையோலைப் பெட்டி இரண்டு. மேசையில் இடம் மிச்சம் இருந்தபடியால் அம்மா சுவரில் தொங்கிய, நான் அரிந்து கொடுத்த தன் படச்சட்டத்தையும் கழற்றி நடுவில் வைத்தார். மாப்பிள்ளையின் தாய் மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத்தான் கையில் எடுத்தார்.

"இது ஆர் செய்தது?"

தரகர் முந்திக்கொண்டார். "எல்லாம் பிள்ளையின்ரை கைவேலைதான். ஒருக்காப் பார்த்தால் போதும், செய்துபோடும்."

"மரவேலையுமோ?"

"ஓம். வாளெடுத்தால் தச்சன் தோத்துப்போவான்."

அம்மா தேத்தண்ணித் தட்டை நேராக வைத்தார். ஐயா முற்றத்தைப் பார்த்தார். நான் கதவடியில் நின்றேன். அக்கா மட்டும் தலையை நிமிர்த்தித் தரகரைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டார். நாங்கள் நான்கு பேரும் வாய் திறக்காததால் அது உண்மையாகிவிட்டது.

"எங்கடை புதுவீட்டுச் சுவாமி அறைக்கு ஒரு திருவாசி வேணும்" என்றார் மாப்பிள்ளையின் தாய். சுவாமி படத்தைச் சுற்றி வளைந்து நிற்கும் அலங்கார வளைவைத்தான் சொன்னார். "சீமெந்திலை செய்விப்பம் எண்டு நினைச்சனான். பிள்ளை தன்ரை கையாலை மரத்திலை செய்து கொண்டுவந்தால் அதைவிட வேறை என்ன வேணும்."

கலியாணத்தை வைகாசியில் வைப்பதென்று முடிவாயிற்று.

அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார்.

"நீ செய்ததை நான் செய்தனான் எண்டு சொல்லிப்போட்டு அந்த வீட்டிலை நான் என்னெண்டு இருக்கிறது?"

"அரத்தாள் போட்டது நீதானே."

"அது ஒரு வேலையோ?"

"பாதி வேலை."

"அப்ப இந்தமுறை பாதிக்கு மேலை நான் செய்யிறன். பொய் பாதிக்குக் குறைஞ்சால் போதும்."

அக்கா வாளையும் பிடித்துப் பார்த்தார். ஒரு பின்னேரத்தில் ஏழு அலகு முறிந்தது. "நீ அரி. மிச்சமெல்லாம் எனக்கு" என்று சொல்லி வாளைத் திருப்பித் தந்தார். அந்தச் சொல்லை அவர் கடைசிவரை மீறவில்லை.

சுவாமிக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை கூடாது என்று ஐயா சொன்னார். நெடுங்கேணிப் பக்கம் இருந்த மரஆலையில் சொல்லி, கால் அங்குலக் கனத்துக்குச் சீவிய முதிரைப் பலகை ஆறு கொண்டுவந்தார். நல்ல மஞ்சள் நிறம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பலகைக்குள்ளே அலை ஓடுவது போல இருக்கும். அரிவதற்கு மிகவும் கடினமான மரம். கொடியும் அன்னமுமாக நான் வரைந்த படத்தில் வெட்டி எடுக்க வேண்டிய இடங்கள் நூற்றெண்பத்தாறு. பெரியது புளியங்கொட்டை அளவு, சின்னது பயறு அளவு. சனி, ஞாயிறில் நான் அரிந்தேன். கிழமை நாட்களில் நான் கந்தோரில் இருக்கும்போது அக்கா ஒவ்வொரு துளைக்குள்ளும் ஈர்க்கில் சுற்றிய அரத்தாளை விட்டுத் தேய்த்தார். துளைக்குள் முகத்தைக் கிட்ட வைத்து ஊதித் தூளை எடுத்தார்.

பக்கத்து வளவில் இருந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருவழியில் சொந்தம். நான் வாளோடு இருப்பதை அவர்கள் பார்த்துவிட்டால் கதை ஓமந்தைக்குப் போகும். ஆகவே வழமையாக மாமர நிழலில் போடும் மேசையை நெல்மூட்டை அடுக்கிய அறைக்குள் கொண்டுபோனோம். யன்னலைச் சாத்தி அதன் மேல் சாக்கைத் தொங்கவிட்டோம். அக்கா தனியே தேய்க்கும் நாட்களிலும் யன்னல் திறக்கப்படவில்லை. திறந்தால் சனி, ஞாயிறில் மட்டும் ஏன் சாத்துகிறார்கள் என்று கேட்பார்கள் என்பது அம்மாவின் கணக்கு. அறையில் காற்றே இல்லை. சாக்கின் மேல் விரலால் எழுதலாம் போலத் தூள் படிந்திருந்தது.

மாசி நடுவில் அக்காவின் கண்ணிமை வீங்கியது. இரண்டு நாளில் கன்னம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் சிவந்து தடித்தது. அக்கா சொறிந்தார். சொறிந்த இடம் நீர் கசிந்து காய்ந்து தோலுரிந்தது. உரிந்த இடம் வெளிறியது. கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவில் ஒரு வெளிறல் மாறாமல் நின்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. எங்களில் யாருக்கும் அதைச் சொல்லும் பழக்கம் இல்லை. பெரிய வருத்தம் என்பார்கள். குஷ்டம் என்று எழுதவே எனக்கு இப்போதும் கை தயங்குகிறது.

அம்மா, தோலில் சொறியைக் கிளப்பும் கிரந்திச் சாப்பாடு என்று கத்தரிக்காய், இறால், கணவாய் மூன்றையும் நிற்பாட்டினார். வேப்பிலை அவித்துக் குளிக்க வார்த்தார். நான் என் வழியில் போனேன். காரணமாக இருக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். சாப்பாடு, சவர்க்காரம், கிணற்றுத் தண்ணீர், புதிதாக வாங்கிய நூல்சீலை, தலைக்கு வைக்கும் எண்ணெய், வயற்பூச்சி, அரத்தாளில் உள்ள பசை, முதிரைத் தூள், நோய். மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பது, மாற்றம் இல்லாவிட்டால் அதன் மேல் கோடு போடுவது. சவர்க்காரத்தை மாற்றினோம், கோடு. சீலையைத் தோய்த்து மடித்து வைத்தோம், கோடு. தண்ணீருக்குப் பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்குப் போனோம், கோடு.

பங்குனித் தொடக்கத்தில் அக்காவுக்கு மாதத் தூரம் வந்தது. சுவாமிக்கான பொருள் என்பதால் அந்த நான்கு நாளும் அவர் திருவாசியைத் தொடவில்லை, அந்த அறைக்குள்ளேயே போகவில்லை. நான்காம் நாள் பார்த்தால் கழுத்துச் சிவப்பு அடங்கியிருந்தது.

"கெட்ட இரத்தம் போனால் கிரந்தியும் போகும்" என்றார் அம்மா. "நான் சொன்னனான் தானே."

நான் அம்மாவை நம்பவில்லை. அந்த நான்கு நாளும் அக்கா செய்யாதவை எவை என்று எழுதினேன். குசினிக்குள் போகவில்லை. எண்ணெய் வைத்து முழுகவில்லை. திருவாசியைத் தொடவில்லை. முதிரைத் தூள் என்ற சொல்லுக்குக் கீழே கோடு இழுத்து அடையாளப்படுத்தினேன். அன்று சரியான இடத்தில்தான் என் விரல் நின்றது. அதை இப்போது சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை.

நான் ஒரு சோதனை செய்தேன். நெல்மூட்டை அறையில் இருந்து ஒரு கரண்டி தூள் எடுத்தேன். தண்ணீரில் குழைத்து என் இடது முன்கையின் உட்புறத்தில் பூசி, பழஞ்சீலைத் துண்டால் கட்டினேன். நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனேன். இரண்டு நாள் கழித்து அவிழ்த்தேன். தோல் சுத்தமாக இருந்தது. ஒரு முறை போதாது என்று வலது கையில் திரும்பச் செய்தேன். அதுவும் சுத்தம். வேறொரு கணக்கும் மனதில் போட்டேன்: பலகையை அரிந்தவள் நான், அக்காவை விட அதிகமாக ஊதியவளும் நான், எனக்கு ஒன்றும் இல்லை. மூன்று சாட்சி. முதிரைத் தூளின் மேல், கந்தோரில் வாய்க்கால் கரைக்குக் கோடு போடும் பேனாவாலேயே ஒரு கோடு போட்டேன். அம்மாவிடமும் ஐயாவிடமும் அக்காவிடமும் சொன்னேன், மரத்தால் இல்லை என்று.

அக்கா திரும்ப அந்த அறைக்குள் போனார். ஒரு கிழமையில் கழுத்தும் முகமும் முன்னையை விட மோசமாயின.

மற்றவற்றின் மேலும் அதேபோல் கோடு விழுந்துவிட்டது; தாளில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, நோய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான்தான் சொன்னேன். கிளிநொச்சியில் காட்டினால் குடியேற்றம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று ஐயா பயந்தார். வவுனியா ஆஸ்பத்திரியில் கிழமைக்கு ஒருநாள் தோல் கிளினிக் நடந்தது. அங்கே போவதென்று முடிவு செய்தோம். வவுனியாவுக்குப் போகும் வழியில்தான் ஓமந்தை இருக்கிறது. அதை நாங்கள் யோசிக்கவில்லை என்றில்லை. பஸ்சில் போகிறவர்களை ரோட்டால் போகிறவர்கள் பார்க்க மாட்டார்கள் என்று யோசித்தோம்.

ஓமந்தையில் மாப்பிள்ளையின் சின்னம்மா அதே பஸ்சில் ஏறினார்.

"எங்கை, எல்லாரும் வவுனியாவுக்கோ?"

"ஓம். கூறைச்சீலை பார்க்க" என்றார் அம்மா.

"அதென்ன, பொம்பிளை முகத்தை மூடிக்கொண்டு வாறா. இப்பவே வெக்கமோ?"

"பல்லுக்கொதி" என்றேன் நான். அக்கா சீலைத் தலைப்பைக் கன்னத்தோடு இன்னும் அழுத்திப் பிடித்தார்.

பதினொரு மணியளவில் அந்தச் சின்னம்மா ஆஸ்பத்திரி விறாந்தையில் எங்களைக் கடந்து போனார். பிள்ளை பெற்றிருந்த யாரையோ பார்க்க வந்திருந்தார். கையில் சாப்பாட்டு அடுக்கு இருந்தது. நாங்கள் தோல் கிளினிக்கின் வாங்கில் வரிசையாக இருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் விரல் மடங்கிப்போன ஒரு வயதானவர் இருந்தார். சின்னம்மா நின்று பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, போய்விட்டார்.

டொக்டர் அக்காவின் கண்ணை மூடச் சொல்லி, வெளிறின இடங்களில் குண்டூசியால் தொட்டார். ஒவ்வொரு தொடுகைக்கும் அக்கா "ஓம்" என்றார். பன்னிரண்டு தடவை ஓம். "அந்த வருத்தம் இல்லை. பயப்பிடாதையுங்கோ" என்றார் டொக்டர். வெள்ளைக் களிம்பு ஒரு டப்பி தந்தார். எதற்கும் மூன்று மாதம் கழித்து வந்து காட்டும்படி சொன்னார். திரும்பி வரும்போது அம்மா பஸ்சில் அழுதார். சந்தோசத்தில் அழுகிறார் என்று நான் நினைத்தேன்.

நாலாம் நாள் மாப்பிள்ளையின் தாய் வந்தார். தரகர் இல்லை, கணவர் இல்லை, தனியே வந்தார். கதிரையில் இருந்தார், தேத்தண்ணியைத் தொடவில்லை.

"கூறைச்சீலை எடுத்திட்டியளோ?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா தேத்தண்ணித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"டொக்டர் ஒண்டும் இல்லை எண்டிட்டார்" என்றார் ஐயா. "வேணுமெண்டால் கடிதம் எடுத்துத் தாறன்."

"இல்லாத வருத்தத்துக்கு ஆர் அண்ணை கடிதம் எடுக்கிறது? கடிதத்தைக் கண்டால்தான் சனம் இன்னும் கதைக்கும்."

அக்காவைக் கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்தார். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அப்படித் தொட்டதை நான் கவனித்தேன். பயந்தவர்கள் தொட மாட்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கதைத்தார்.

"எனக்கு இந்தப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. ஒளிச்சு என்ன. வீட்டிலை அவரும், அவரின்ரை தங்கச்சிமாரும் நாலு பக்கத்தாலையும் கேக்கினம். அவைக்கு நான் ஒரு காரணம் சொல்லவேணும். எங்கடை பக்கத்திலை மரம் அரியிறவைக்கு இப்பிடிச் சொறி வாறதெண்டு கேள்விப்பட்டிருக்கிறன். திருவாசி முதிரையிலைதானே செய்யிறியள்? அந்தத் தூளாலை வந்திருக்குமோ?"

ஐயா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். இப்படியான கேள்விகளுக்கு எங்கள் வீட்டில் நான்தான் பதில் சொல்வது, படித்தவள் என்று.

"இல்லை, மாமி" என்றேன். "நான் என்ரை ரெண்டு கையிலையும் தூளை வைச்சுக் கட்டிப் பார்த்தனான். ஒண்டும் வரேல்லை. மரத்தாலை இல்லை."

"வடிவாப் பார்த்தனியோ, பிள்ளை?"

"வடிவாப் பார்த்தனான். ரெண்டு முறை. ஒவ்வொரு முறையும் ரெண்டு ரெண்டு நாள்."

அவர் என்னைப் பார்த்தார். அக்காவின் கையை இன்னும் விடவில்லை. "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, கையை மெதுவாக விட்டு எழும்பினார். வாசல் படலைவரை ஐயா கூடப் போனார்.

அடுத்த கிழமை தரகர் சாதகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குச் சனி மாறுகிறதாம், இரண்டு வருடத்துக்குக் கலியாணம் கூடாதாம். ஆவணியில் அவருக்கு வேறிடத்தில் கலியாணம் நடந்தது.

திருவாசியில் இன்னும் முப்பத்திரண்டு துளைகள் அரத்தாள் போடாமல் கிடந்தன. சித்திரையில் நெல் அவித்தபோது ஐயா அதை மூன்றாக முறித்து அடுப்புக்குள் வைத்தார். ஒருவரும் தடுக்கவில்லை. நெல்மூட்டைகளை வெளியே எடுத்து அந்த அறையைக் கழுவினோம். யன்னலைத் திறந்தோம். மூன்று கிழமையில் அக்காவின் தோல் முழுக்கச் சுகமாயிற்று. கன்னத்து வெளிறலும் ஆடி மாதம் மறைந்துவிட்டது. வெள்ளைக் களிம்பால் சுகம் வந்தது என்று நான் தாளில் எழுதி, அதை மடித்து வைத்தேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

தோல் சுகமானது அக்காவுக்கு உதவவில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் இரண்டு இடம் கேட்டு வந்தது. இரண்டும் விசாரித்துவிட்டுப் பின்வாங்கியது. பக்கத்து வளவுப் பெண் எங்கள் வீட்டில் மோர் வாங்குவதை நிற்பாட்டினார். கோயிலில் ஒருநாள் யாரோ ஒரு தாய், அக்காவின் மடியில் போய் இருந்த தன் குழந்தையை வந்து தூக்கிக்கொண்டு போனார். சிரித்தபடிதான் தூக்கினார். அன்றிலிருந்து அக்கா கோயிலுக்கு மத்தியானப் பூசைக்கு மட்டும் போனார், அப்போது சனம் குறைவு. கலியாண வீடுகளுக்குப் போவதில்லை. நானும் பரிசு என்று ஒன்றும் அரியவில்லை. அழைப்பு வந்த வீடுகளுக்குக் கண்ணாடிக் குவளை வாங்கிக் கொடுத்தேன்.

போன வருடம் எங்கள் கந்தோரில் படங்கள் வைக்க ஒரு அலுமாரி செய்விக்க வேண்டியிருந்தது. முதிரைப் பலகையும் வந்து இறங்கியிருந்தது. அளவு குறித்த படத்தைக் கொடுக்கத் தச்சரிடம் போனேன். அவர் பலகையைக் காலால் ஒதுக்கினார்.

"பாலைப் பலகை எடுத்துத் தாங்கோ, தங்கச்சி. இதை நான் தொடமாட்டன்."

"ஏன்?"

"முதிரைத் தூள் பட்டால் எனக்குக் கண் வீங்கிப் போம். கழுத்தெல்லாம் உரிஞ்சு வெளிறிப் போம். ஒருமுறை என்ரை மனிசி என்னைக் கண்டு பயந்து தாய் வீட்டுக்குப் போயிட்டாள்."

"தச்சர் எல்லாருக்கும் அப்பிடி வாறதோ?"

அவர் சிரித்தார். "எல்லாருக்கும் வந்தால் முதிரைக் கட்டில் ஆர் செய்யிறது? ஒருத்தனுக்கு வரும், ஒருத்தனுக்கு வராது. என்ரை கூடப்பிறந்த தமையன் முதிரைத் தூளுக்கை படுத்தெழும்புவான். அவனுக்கு ஒரு கொப்புளம் போட்டதில்லை. நான் கிட்டப் போனாலே கடிக்கும்."

படத்தை அவரிடம் கொடுத்துவிட்டு என் மேசைக்கு வந்தேன். மெழுகுத்துணியில் பாதி வரைந்த வாய்க்கால் ஒன்று கிடந்தது. வாய்க்காலின் ஆழத்தை ஒரே இடத்தில் அளந்து அதையே முழு நீளத்துக்கும் எழுதினால் எங்கள் பொறியியலாளர் தாளைக் கிழித்துப் போடுவார். நூறடிக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்பது பயிற்சியின் முதல் மாதப் பாடம். நான் ஒரே இடத்தில்தான் அளந்தேன். இரண்டு கையும் ஒரே ஆளின் கைதான். சொறி வந்த ஆளின் கையில் கட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று பின்னேரம்வரை ஒரு கோடும் போடாமல் இருந்தேன்.

வீட்டுக்குப் போனபோது அக்கா குசினியில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அம்மா மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போயிருந்தார். தச்சர் சொன்னதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அக்கா சுளகை நிற்பாட்டவில்லை. கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"நீ கையிலை கட்டியிருந்த நாளெல்லாம் நான் உன்ரை சட்டைக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்" என்றார். "ஏதாவது வரவேணும் எண்டு கும்பிட்டனான். சின்னத் தடிப்பெண்டாலும்."

"எனக்குத் தெரியாது."

"என்னெண்டு தெரியும்? நீ அவிழ்த்துக் காட்டினாய். வெறுங்கை. அதோடை நானும் எனக்கு வருத்தம்தான் எண்டு நினைச்சிட்டன்."

அக்கா சுளகைச் சாய்த்து உமியைத் தட்டினார்.

"அந்த மாமி கேட்டவ தானே" என்றார் அக்கா. "அவவுக்கு நிரூபணம் தேவையில்லை. ஒரு சொல்லுத்தான் கேட்டவ. என்ரை கையையும் பிடிச்சுக்கொண்டு நிண்டு கேட்டவ."

"ஓம்."

"நீ பொய் சொல்லமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். தரகர் என்னைத் தச்சிச்சி ஆக்கினபோது பேசாமல் நிண்டனீ, பஸ்சிலை பல்லுக்கொதி எண்டனீ, அவ்வளவுதான்."

ஓமந்தைக்குப் போய் அவர்களிடம் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"ஆருக்குச் சொல்லப்போறாய்? அவருக்குப் பிள்ளையும் பிறந்திட்டுது." சுளகைக் கீழே வைத்தார். "ஒண்டு மட்டும் செய். அம்மாவுக்குச் சொல்லாதை. அவ இதை என்ரை தலையெழுத்தெண்டு நினைச்சு ஒருமாதிரிச் சமாளிக்கிறா. உன்ரை பிழை எண்டு தெரிஞ்சால் உன்னையும் இழந்துபோவா."

நான் சொல்லவில்லை. ஐயாவுக்கும் சொல்லவில்லை. அக்காவுக்கு வைகாசியோடு முப்பது முடிகிறது. அவருக்கு ஒரு வழி பிறக்க வேண்டும் என்று அம்மா இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருக்கிறார். அந்த ஒரு நேரத்துக்கும் அம்மாவுக்குச் சோறு போட்டுக் கொடுப்பது நான்.